நுண்வெள்ளி மருந்தும் நிலத்தின் நன்மையும்

நெற்பயிரில் பாக்டீரிய இலைக்கருகல் கண்டவிடத்து, வெள்ளியின் நுண்துகள் கலந்த மருந்து கிருமிகளை உடனே நாசஞ் செய்யும் எனக் கேட்டுக் குடியானவர்கள் பணஞ் செலவிட முற்படுதல் இயல்பே. ஆயினும், கிருமியைக் கொல்லுதல் வேறு. பயிருக்கு நன்மை பயத்தல் வேறு.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டராகும். நானோ துகள்கள் பொதுவாக 100 நானோமீட்டருக்கு உட்பட்டவை. பொருள் பொடியாகுந்தோறும் மேற்பரப்புப் பெருகுவதால், வெள்ளியினின்று அயனிகள் மிகுதியாய் வெளிப்பட்டுக் கிருமியின் மேலுறையையும் புரதங்களையும் கெடுக்கின்றன. பரீட்சைச்சாலையின் கண்ணாடித் தட்டில் இது மெய்யே. வயலிலோ, மண்ணிலும் நீரிலுமுள்ள கந்தகமும் குளோரைடும் வெள்ளியைப் பற்றிக்கொள்ள, அதன் வீரியம் குன்றும்.

குன்றாது எஞ்சிய வெள்ளி, நோய்க்கிருமி இது, நற்கிருமி இது என்று பகுத்தறியாது. அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் மண்ணுயிர்கள் அதனால் எளிதில் கேடுறும். வடிகால் நீரிற் கலப்பின் மீனுக்கும் தீங்கு. வெள்ளிக்கு அடங்காத கிருமிகளும் உண்டு. பாஸ்டன் நகர மருத்துவமனையொன்றின் தீக்காயப் பிரிவில் அத்தகையவை கண்டதாக 1975-லேயே அறிவிக்கப்பட்டது.

உலோக மருந்தின் பின்விளைவுக்குப் பழைய சான்றொன்றுண்டு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையை மில்லார்டே என்பார் 1885-இல் பிரான்சில் வெளியிட்டார். அது திராட்சைத் தோட்டங்களைக் காத்தது. ஆனால் பல்லாண்டு தெளித்த நிலத்தில் தாமிரம் மக்காது தங்கிவிட்டது. 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம், ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோவுக்கு மேல் தாமிரம் கூடாதென வரம்பு விதித்தது. வெள்ளியும் அவ்வாறே மக்காத உலோகமாதலின், முன்னரே ஆராய்தல் அறிவுடைமை.

நானோ இடுபொருள்களை மதிப்பிடும் வழிகாட்டி நெறிகளை இந்திய அரசு 2020-இல் வெளியிட்டுள்ளது. ஆகவே இம்மருந்து எப்பயிரின் எந்நோய்க்குப் பதிவு பெற்றது, வயற்பரீட்சை எங்கு நடந்தது, மண்ணில் எவ்வளவு தங்கும் என்னும் மூன்றையும் விற்பவரிடம் கேட்க வேண்டும். விடை கிடையாத மருந்தைக் கிராம உத்தியோகஸ்தர்கள் சிபாரிசு செய்தலாகாது.

இதற்கிடையே, நாற்றின் நுனியைக் கிள்ளாது நடுதலும், தழைச்சத்தைப் பிரித்து அளவாய் இடுதலும், 2008-இல் வெளியான மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி போன்ற நோய் தாங்கும் நெல்லைப் பயிரிடுதலும் செலவு குறைந்த காப்பாகும். புதியதை வெறுக்க வேண்டுவதில்லை. பரீட்சித்துக் கொள்ளுதலே குடியானவருக்கு அனுகூலம்.