எக்கியார்குப்பத்து மரணங்களும் நமது இகழ்ச்சியும்

2023 மே 13 அன்று, மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் மீனவர் கிராமத்தில் கள்ளச்சாராயம் குடித்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சாய்ந்தனர். அங்கு மாண்டவர்கள் 14 பேர். அதே நாள்களில் செங்கல்பட்டு மாவட்டத்தில் இறந்தோரையும் சேர்த்தால் எண்ணிக்கை 20-ஐத் தாண்டியது. அவர்களைக் கொன்றது, ஆலைகளில் பயன்படும் மெத்தனால்.

செய்தி கேட்ட நம்மவர்களில் சிலர், "குடித்தார்கள், செத்தார்கள்; நமக்கென்ன?" என்றனர். வேறு சிலரோ, "குடித்துப் பழகிய உடம்பு எதையும் தாங்கும், இவர்கள் அளவு மீறியிருப்பார்கள்" என்றனர். முதற்பேச்சு மார்க்கத்தை அறியாதது. இரண்டாவது உடலை அறியாதது.

அல்லாஹ் நம் உடலுக்குப் பல காவல்களை அளித்திருக்கிறான். தோல் கிருமியைத் தடுக்கிறது. காய்ச்சல் அதன் பெருக்கத்தைக் குறைக்கிறது. வெள்ளணுக்கள் அதை அழித்து, அடையாளத்தையும் நினைவில் வைக்கின்றன. சின்னம்மை ஒருமுறை கண்டவருக்குப் பெரும்பாலும் மறுமுறை வராதது இதனால்தான். ஆனால் நஞ்சுக்கு இத்தகைய நினைவு உருவாவதில்லை. அங்கே காவல் கல்லீரலின் பொறுப்பு.

மெத்தனால் வந்ததும் கல்லீரல் தன் கடமையைச் செய்கிறது. அதன் நொதிகள் மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாகவும், பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. குடித்ததைவிடக் கொடியது இவ்வமிலமே. இது உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் தடுக்கிறது, பார்வை நரம்பைச் சிதைக்கிறது, இரத்தத்தை அமிலமாக்குகிறது. அமிலத்தை வெளியேற்ற நுரையீரல் வேகமாக மூச்சிழுத்துப் போராடுகிறது. காக்கும் உறுப்பே நஞ்சை ஆக்கும்போது, பழகிய உடம்பு என்ன செய்யும்?

இம்மாற்றத்துக்குப் பல மணி நேரம், சிலருக்கு ஒரு நாளும் ஆகும். அதற்குள் மருத்துவமனையை அடைந்தால் உயிரும் கண்ணும் பிழைக்க வாய்ப்புண்டு. ஃபோமெபிசோல் அந்த நொதியைத் தடுக்கும். டயாலிசிஸ் நஞ்சை வெளியேற்றும். ஃபோமெபிசோல் கிடைக்காத இடத்தில் மருத்துவர்கள் எத்தனாலையே அளந்து கொடுப்பதுண்டு. நொதி முதலில் அதையே பற்றிக்கொள்ளும். நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதற்கும் அனுமதியுண்டு என்னும் சட்டத்தை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. ஆனால் இது மருத்துவர் கையில் மட்டுமே மருந்து. வீட்டில் ஊற்றிக் கொடுப்பது கொலைக்குச் சமம்.

அந்த மணி நேரங்களைத் தின்பது எது? வெட்கம். "ஊர் என்ன சொல்லும்?" என்று கதவைச் சாத்தி, "போதை தெளியட்டும்" என்று காத்திருக்கும் குடும்பம். அவ்வெட்கத்தை வளர்ப்பது நமது இகழ்ச்சி. நம் மஹல்லாக்களில் குடிப்பவர் எவருமில்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா?

மது ஹராம். அதில் நமக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆயினும் குடித்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரைச் சபித்தவரை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது புகாரீயில் பதிவாகியுள்ளது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டபோதும் நம்மிடம் அதே இகழ்ச்சிதான் எழுந்தது.

குடித்தவருக்கு வாந்தி, வயிற்றுவலி, பார்வை மங்கல், மூச்சிரைப்பு கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். உபதேசம் அவர் பிழைத்தபின் செய்யலாம். இறந்தவருக்கு உபதேசம் இல்லை. தவ்பாவுக்கான வாசலும் இல்லை.