கரண்ட் போனால் டெலிபோனும் போகுமா?



2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 9ஆம் திகதி உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் முற்பகல் 11.30 மணியளவில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. காரணத்தைக் கேட்டுப் பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாவனல்லையில் இருக்கும் என் உம்மாவுக்கு அப்போது 76 வயது. சீனி வருத்தம் உள்ளவர். நான் தெஹிவளையில் இருக்கிறேன். உம்மாவோடு இருக்கும் தங்கை அன்று சாமான் வாங்கப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து உம்மாவுக்குச் சீனி இறங்கி, மேலெல்லாம் வியர்த்து, கை நடுங்கத் தொடங்கிவிட்டது. விரலால் தட்டும் புதுப் போன்கள் அவருக்குக் கைவராது. காலமெல்லாம் பழகிய வீட்டு டெலிபோனைத்தான் எடுத்திருக்கிறார். அதில் சத்தமே இல்லை. நல்ல காலம், ஏதோ கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை அவரது கோலத்தைக் கண்டு ஓடிப்போய்த் தன் உம்மாவைக் கூட்டிவந்தான். சீனித் தண்ணீர் குடித்த பிறகுதான் உம்மாவுக்குத் தெளிவு வந்தது.

“கரண்ட் போனா லைட் போகும், ஃபேன் போகும். டெலிபோன் எப்படி மகள் போகும்? முந்தி ஒரு நாளும் போகல்லயே” என்று இரவு உம்மா கேட்டார்.

நியாயமான கேள்வி. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான் எங்கள் பழைய செப்புக் கம்பி இணைப்பை எடுத்துவிட்டு, பைபர் இணைப்பும் ரவுட்டரும் பொருத்தியிருந்தோம். பொருத்த வந்தவர்கள் இன்டர்நெட் வேகத்தைக் காட்டினார்கள். நாங்களும் மகிழ்ந்தோம். டெலிபோனைப் பற்றி அவர்கள் சொல்லவுமில்லை, நாங்கள் கேட்கவுமில்லை.

பழைய டெலிபோனும் புதிய டெலிபோனும்

பழைய டெலிபோனுக்கு வேண்டிய மின்சாரம் நம் வீட்டிலிருந்து போகவில்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறத்தாழ 48 வோல்ட் மின்சாரம் அதே செப்புக் கம்பி வழியாக வந்தது. எக்ஸ்சேஞ்சில் பெரிய பட்டரிகள் இருந்தன. அதனால் ஊரே இருண்டாலும் டெலிபோன் பேசியது.

பைபர் என்பது தலைமுடி போன்ற கண்ணாடி இழை. அதில் ஓடுவது வெளிச்சம், மின்சாரம் அல்ல. நாம் பேசும் குரலை ரவுட்டர்தான் செக்கனுக்கு 50 துண்டுகள் என்ற கணக்கில் நறுக்கி, வெளிச்சமாக மாற்றி அனுப்புகிறது. மறுபக்கத்திலிருந்து வரும் துண்டுகளைச் சேர்த்துக் குரலாக்கித் தருவதும் அதுவே. டெலிபோனுக்கு மின்சாரம் கொடுப்பதும் அதுவே. ஆகவே ரவுட்டர் அணைந்தால் டெலிபோனும் ஊமையாகிவிடும். இது பழுது அல்ல, அமைப்பே அப்படித்தான். ஆனால் இதைத் தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

“வாட்ஸ்அப் இருக்கும்போது வீட்டு டெலிபோன் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். 2018 மார்ச்சில் கண்டிப் பகுதி வன்செயல்களின் போதும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னரும் வாட்ஸ்அப், வைபர் போன்றவை முடக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் அந்த நாட்களில் எப்படித் தவித்தார்கள்! ரவுட்டரில் பூட்டும் வீட்டு டெலிபோன் அவற்றிலிருந்து வேறானது. சொந்த இலக்கம் கொண்டது, சாதாரண டெலிபோன் அழைப்பாகவே போய்ச் சேர்வது. வயதானவர்கள் உள்ள வீட்டில் அதை வைத்திருப்பது நல்லது.

ரவுட்டரின் பின்புறத்தைப் பாருங்கள்

பொருத்தும் நாளில் வீட்டிலுள்ள ஒருவராவது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். ரவுட்டரில் சிறிய துளை ஒன்றோ இரண்டோ இருக்கும். அருகே டெல் அல்லது போன் என்று எழுதியிருக்கும். டெலிபோன் வயர் அதில்தான் பூட்ட வேண்டும். லேன் என்று எழுதிய பெரிய துளைகள் கணனிக்கு உரியவை. டெலிபோன் வயரின் சிறிய முனை அதற்குள்ளும் நுழையும். ஆனால் டெலிபோன் வேலை செய்யாது. சுவரிலுள்ள பழைய டெலிபோன் சொக்கட்டிலும் இனி உயிர் இருக்காது. எண்களைச் சுழற்றும் பழங்காலத் டெலிபோனைப் பெரும்பாலான ரவுட்டர்கள் விளங்கிக்கொள்ளாது. பொத்தான் அமத்தும் டெலிபோனே வேண்டும்.

முன்புற விளக்குகளையும் பழகிக்கொள்ளுங்கள். எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் வெளியிலிருந்து வெளிச்சம் வரவில்லை என்று பொருள். இழை எங்கோ மடிந்தோ அறுந்தோ இருக்கலாம். அந்த மெல்லிய வயரை மடித்து ஆணியில் சுற்றாதீர்கள். அலுமாரிக்குப் பின்னால் நசுக்காதீர்கள். அதன் முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்கவும் கூடாது.

பின்புறம் ஓர் ஊசித்துளையும் இருக்கும். ரீசெட் என்று எழுதியிருப்பார்கள். நெட் மெதுவாக இருக்கிறது என்று பிள்ளைகள் அதில் ஊசியை விட்டுச் சில செக்கன்கள் அமத்திப் பிடித்தால், ரவுட்டரில் பதிந்த விபரங்கள் எல்லாம் அழிந்துவிடலாம். வைஃபை கடவுச்சொல் மட்டுமல்ல, டெலிபோன் இலக்கத்துக்கான பதிவும் அதோடு போய்விடக்கூடும். அதைத் திரும்பப் பதிய கம்பனியின் உதவி தேவைப்படலாம். ரவுட்டர் தடுமாறினால் சுவிச்சை நிறுத்தி, அரை நிமிடம் பொறுத்துத் திரும்பப் போடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

இன்னொன்று, இடி மின்னல். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேர இடி நமக்குப் பழக்கமானது. கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது என்றாலும் பிளக் வழியாக அது வரும். இடி தொடங்குமுன் பிளக்கைக் கழற்றுவது நல்லது. அந்த நேரம் டெலிபோன் இராது என்பதை வீட்டிலுள்ளவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

நாங்கள் செய்த ஏற்பாடு

முதலில், ரவுட்டருக்கென்று ஒரு சிறிய யூ.பி.எஸ். வாங்கினோம். செங்கல் அளவுகூட இல்லாத பட்டரிப் பெட்டி அது. வாங்குமுன் ரவுட்டரின் அடப்டரைக் கையோடு கொண்டுபோங்கள். அதில் 12 வோல்ட் என்று இருந்தால் யூ.பி.எஸ்.ஸும் 12 வோல்ட் தர வேண்டும். அம்பியர் குறையக் கூடாது. முனையும் பொருந்த வேண்டும். வோல்ட் மாறினால் ரவுட்டர் எரிந்துவிடலாம்.

இரண்டாவதாக, வயர் இல்லாத கோட்லஸ் டெலிபோனை எடுத்துவிட்டு, வயருள்ள சாதாரண டெலிபோனை வைத்தோம். கோட்லஸின் அடிப்பெட்டிக்கும் தனியாகக் கரண்ட் வேண்டும்; ரவுட்டர் உயிரோடு இருந்தும் அது பேசாது.

மூன்றாவதாக, பொத்தான் உள்ள மலிவான செல்போன் ஒன்றைச் சார்ஜ் செய்து உம்மாவின் கட்டிலருகே வைத்தோம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நினைத்துப் பாருங்கள். அவ்வளவு நேரத்துக்குச் சிறிய பட்டரி எதுவும் தாங்காது. செல்போன் கோபுரத்தின் பட்டரியும் இறங்கக்கூடும். அதனால் ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி இருக்க வேண்டும். டெலிபோனுக்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில் ஒரு தாளும் ஒட்டியிருக்கிறோம். இலவச அம்பியூலன்ஸ் 1990, பொலிஸ் 119, பிறகு எங்கள் இலக்கம், பக்கத்து வீட்டு இலக்கம்.

உங்கள் வீட்டில் இன்றைக்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். ரவுட்டரின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு வீட்டு டெலிபோனை எடுத்துக் காதில் வையுங்கள். சத்தம் வந்தால் நல்லது. எத்தனை மணித்தியாலம் தாங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சத்தம் வராவிட்டால், அடுத்த மின்வெட்டில் உங்கள் வீட்டுப் பெரியவரும் என் உம்மாவைப் போலவே டெலிபோனைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

எங்கள் வீட்டில் இந்தச் சோதனையை மாதத்துக்கு ஒருமுறை உம்மாவே செய்கிறார். பிளக்கைக் கழற்றிவிட்டு எனக்கு டெலிபோன் எடுப்பார். “மகள், கரண்ட் இல்லாமத்தான் பேசுறேன், விளங்குதா?” என்பார்.

“நல்லா விளங்குது உம்மா” என்பேன்.