இயங்கும் பொறியும் இயக்கியும்

1957இல் சுரங்கப் பணி தொடங்கிய நெய்வேலியில், பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் மிகுந்த அழுத்தத்துடன் நிலத்தடி நீர் நிற்கிறது. அதனை இடையறாது இறைத்து அழுத்தத்தைத் தணிக்காவிடில், நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலெழும். ஆகவே அங்கு நீரிறைக்கும் எந்திரங்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. ஒன்றைப் பழுதுபார்க்க வேண்டுமெனில், அதன் பணியை ஏற்க மற்றொன்று அணியமாக இருத்தல் வேண்டும். இவ்வொழுங்கை நன்கறிந்த நகரியத்து வீடுகளிலும், கணினித் திரையில் ‘புதுப்பிக்கவும்’ என்னும் சொல் தோன்றியவுடன், புதுப்பிக்கப்படுவது எது என்று கேளாமலே பொத்தானை அழுத்துவோர் உண்டு.

அவ்வாறு புதுப்பிக்கப்படுபவற்றுள் ஒன்று ‘டிரைவர்’ எனப்படும் இயக்கி மென்பொருள். ‘இப்பக்கத்தை அச்சிடு’ என்று இயங்குதளம் ஆணையிடும். ஆனால், அச்சுப்பொறியின் மைமுனை எங்ஙனம் நகரவேண்டும் என்பதை அது அறியாது. அதனை அறிந்தது அப்பொறிக்கென எழுதப்பட்ட இயக்கியே. சுரங்கத்தில் அகழ்பொறியை இயக்குபவரை இதற்கு உவமை கூறலாம். எங்கே வெட்டவேண்டும் என்பது மேலிடத்து ஆணை. எந்த நெம்புகோலை எவ்வளவு தள்ளவேண்டும் என்பது இயக்குபவரின் அறிவு. எனினும் உவமை ஓரிடத்தில் பொருந்தாது. அகழ்பொறியை இயக்குபவர் தம் கூண்டில் அமர்ந்திருப்பவர். இயக்கிகள் பலவோ இயங்குதளத்தின் உட்கருவிலேயே இயங்குகின்றன. அங்கே ஓர் இயக்கி பிழைபட்டால் கணினி முழுவதும் நின்றுவிடும்.

2024 ஜூலை 19 அன்று உலகம் இதனைக் கண்டது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம், விண்டோஸ் கணினிகளில் தன் இயக்கி படிக்கும் தரவுக் கோப்பு ஒன்றின் புதிய பதிப்பை இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு அனுப்பியது. கோப்பில் பிழை இருந்தது. 78 நிமிடங்களில் அது திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் பயணியருக்கு விமானமேறும் அனுமதிச் சீட்டைக் கையால் எழுதித் தந்தனர். முடங்கிய கணினிகளுள் பலவற்றை ஊழியர்கள் ஒவ்வொன்றாக நேரில் சென்று சீர்செய்ய நேர்ந்தது. புதிய கோப்பை அனுப்பியதன்று குற்றம். அனைத்துக் கணினிகளுக்கும் ஒரே வேளையில் அனுப்பியதே குற்றம். முதலில் சிலவற்றில் இட்டுப் பார்த்திருப்பின், சேதம் அச்சிலவற்றோடு நின்றிருக்கும்.

அதற்காகப் பழையதே போதும் என்றிருப்பதும் அறிவுடைமையன்று. இயக்கியிலுள்ள பாதுகாப்பு ஓட்டையின் வழியே தீங்குநிரல் உட்கருவுக்கே சென்றுவிடக்கூடும். அவ்வோட்டையை அடைக்கும் பதிப்பு வந்தால் தாமதமின்றி ஏற்கவேண்டும். ஒலி கேட்கவில்லை, அச்சுப்பொறி இயங்கவில்லை என்றாலும் புதுப்பிக்கக் காரணம் உண்டு. வேறு காரணமே இல்லாதபோது, புதிது என்பது மட்டும் காரணமாகாது. ‘உங்கள் இயக்கிகள் அனைத்தும் பழையவை’ என இணையப் பக்கத்தில் திடீரெனத் தோன்றி மிரட்டும் அறிவிப்பு நம்பத்தக்கதன்று. கணினியை ஆராயாமலே அது எவரிடமும் அதையே சொல்லும்! சாதனத்தைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தோ, இயங்குதளத்தின் புதுப்பித்தல் வசதி வாயிலாகவோ மட்டுமே இயக்கியைப் பெறுதல் வேண்டும்.

தமிழக அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினி, அண்ணனிடமிருந்தோ அக்காளிடமிருந்தோ தம்பி தங்கையரிடம் வந்து சேர்ந்த வீடுகள் உள்ளன. அத்தகைய பழைய கணினிக்குப் புதிய இயக்கி பொருந்தாமற் போகவும் கூடும். விண்டோஸின் ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியில் முந்தைய இயக்கிக்கே திரும்பும் வசதி உண்டு. அதனை அறியாதோரே பலர். மற்ற இயக்கிகள் பழுதானால் இணையத்தில் வேறொன்றைத் தேடிக்கொள்ளலாம். பிணைய இயக்கியே பழுதானால் தேடுவதற்கு இணையமே இராது. அதனை மாற்றுமுன், பழைய பதிப்பைப் பென்டிரைவ் ஒன்றில் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.