தூங்காத கடை

நள்ளிரவு ஒன்றரை மணிக்கு ஓசூர் பஸ் நிலையத்தில் தனியாக இறங்கியிருக்கிறீர்களா, சகோதரி? கிருஷ்ணகிரியில் அத்தை வீட்டுக்குப் புறப்பட்ட நான் சென்ற மாதம் அப்படித்தான் இறங்கினேன். பெங்களூரிலிருந்து வந்த பஸ் ஓசூரோடு நின்றுவிட்டது. பசி, தாகம், அவை போதாவென்று இன்னோர் அவசரம். அது என்னவென்று பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நிலையத்தைத் தாண்டிச் சிறிது தூரத்தில் ஒரு டீக்கடையில் விளக்கு எரிந்தது. ஓசூர்தான் கடிகாரமும் மோட்டார் சைக்கிளும் லாரியும் செய்கிற ஊராயிற்றே. அங்கே ராத்திரியும் பகல்தான். ஷிப்டு முடிந்து வந்த நாலைந்து பெண்கள் பன்னை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். கடைக்கார அம்மாள் ஒருத்தியிடம் தமிழிலும், அடுத்தவளிடம் கன்னடத்திலும், லாரி டிரைவரிடம் தெலுங்கிலும் கணக்குச் சொன்னாள். மூன்றிலும் தப்பில்லை!

அந்த வெளிச்சத்தைக் கண்டதும் என் மனம் ஜப்பானுக்குப் பறந்துவிட்டது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

இரண்டு வருஷங்களுக்கு முன் ஒசாகாவில் இதே போன்ற ஓர் அகால வேளையில் பெட்டியும் கையுமாக நின்றேன். தெருக்கோடியில் ஒரு கடை பளிச்சென்று தெரிந்தது. 'கொன்பினி' என்கிறார்கள். ஜப்பான் முழுவதிலும் இப்படி ஐம்பத்தையாயிரம் கடைகளுக்கு மேல் இருக்கின்றன. கதவு தானே திறந்தது, மணி கிணுகிணுத்தது. குடையா, காலுறையா, பல் பொடியா, எல்லாம் உண்டு. மின்சாரக் கட்டணம் கட்டலாம், பணம் எடுக்கலாம், பார்சல் அனுப்பலாம். மூலையில், கேட்டால் நம்பமாட்டீர்கள், பளிங்கு போல ஒரு கழிவறை! காசு கேட்பாரில்லை.

அப்புறம் 'ஒனிகிரி'. முக்கோணமாகப் பிடித்த சோற்று உருண்டை. மேலே கடற்பாசித் தாள். சோற்று ஈரத்தில் தாள் நமுத்துப் போகாமலிருக்க நடுவில் கண்ணாடிக் காகிதம் வைத்து, 1, 2, 3 என்று எண் போட்டிருக்கிறார்கள். அந்த வரிசையில் இழுக்க வேண்டும். நான் அவசரத்தில் 2ஐ முதலில் இழுத்தேன். சோறு ஒரு கையிலும் தாள் மறு கையிலுமாக நின்ற என்னைப் பார்த்து, கல்லாவிலிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். நேபாளத்திலிருந்து படிக்க வந்தவளாம். உள்ளே உப்பில் ஊறிய புளிப்புப் பழம் வைத்த உருண்டையை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். நம் நார்த்தங்காய்க்குத் தங்கை என்று சொல்லலாம். (சைவர்கள் விசாரித்து வாங்குங்கள், சிலவற்றில் மீன் சாறு கலந்திருக்கும்.)

இந்தக் கடைகளில் பெரிய பெயரான 'செவன் இலெவன்' அமெரிக்காவிலிருந்து வந்தது. காலை ஏழு முதல் இரவு பதினொன்று வரை திறந்திருந்ததால் 1946இல் வைத்த பெயர். ஜப்பானில் அதன் முதல் கடை 1974 மே மாதம் டோக்கியோவின் டோயோசுவில், ஒரு குடும்பத்தின் மதுக்கடை இருந்த இடத்தில் திறந்தது. முதல் வியாபாரம் 800 யென்னுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி! மறு வருஷமே கொரியாமா என்ற ஊரில் இரவு முழுதும் திறக்கத் தொடங்கினார்கள். பெயரில்தான் பதினொன்று, கதவுக்குப் பூட்டே இல்லை.

பூட்டில்லாத கதவுக்குப் பின்னால் யாரோ ஒருவர் விழித்திருக்க வேண்டுமல்லவா? பல கடைகளை நடத்துவது ஒரு குடும்பம். பெயரும் நிபந்தனையும் கம்பெனியுடையவை. ஹிகாஷி ஒசாகாவில் ஒரு கடைக்காரர். கூடவே உழைத்த மனைவி 2018இல் காலமாகிவிட்டாள். வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. 2019 பிப்ரவரியில், இரவு ஒரு மணி முதல் ஆறு மணி வரை கடையை மூடினார். ஒப்பந்தத்தை மீறியதற்கு 1 கோடியே 70 லட்சம் யென் அபராதம் என்றார்கள்! தேசமே பேசிற்று, அபராதப் பேச்சு கைவிடப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் சில கடைகள் இரவில் மூட அனுமதியும் வந்தது. ஆனால் வாடிக்கைக்காரர்களின் புகார்களைக் காட்டி, அந்த மனிதரின் ஒப்பந்தத்தை வருஷக் கடைசியில் ரத்துச் செய்தார்கள். 2022இல் நீதிமன்றமும் கம்பெனி பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று. அவர்மீது தப்பே இல்லையென்று நான் வாதாட வரவில்லை. ஆனால் அன்றிரவு நான் ருசித்த சோற்று உருண்டைக்கு இப்படியும் ஒரு விலை உண்டு என்பது ஊர் திரும்பிப் படித்த பிறகுதான் தெரிந்தது.

நம் நாட்டிலும் அந்தப் பெயரில் 2021 அக்டோபரில் பம்பாய் அந்தேரியில் கடை வந்தது. தமிழ்நாட்டிலோ, பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகள் இரவு முழுதும் திறந்திருக்கலாம் என்று 2019இல் அரசு ஆணையிட்டது.

ஓசூர் அம்மாளின் கடையில் வேலை செய்பவர்கள் மொத்தம் இரண்டு பேர். அவளும் அவள் வீட்டுக்காரரும்!

நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவள் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து நீட்டினாள்.

"பின்னாலே நம்ம வீடுதான். போயிட்டு வா, கண்ணு."

திரும்பி வந்து, "எப்போதக்கா தூங்குவீங்க?" என்று கேட்டேன்.

"நாலு மணிக்கு அவரு எழுந்து வருவாரு, நான் போய்ப் படுப்பேன். அவருக்கு முடியலேன்னா கடைக்கு லீவு. நம்மளை யாரு கேக்கப் போறா?" என்றவள், ஷிப்டுப் பெண்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "லீவு விட்டா அன்னைக்கு வரும்படி இல்லே. இந்தப் புள்ளைங்களும் இருட்டுலே நிக்கும். அதனாலே விடறதில்லே."

கிருஷ்ணகிரி பஸ் வந்துவிட்டது. ஓடிப் போய் ஏறினேன். சாவியைத் திருப்பிக் கொடுத்தோமா என்ற சந்தேகம் சூளகிரி தாண்டும்போதுதான் வந்தது. கைப்பையைக் கவிழ்த்துத் தேடினேன். நல்ல வேளை, இல்லை.