பவர் மட்டும் போதுமா? வேலைக்கு ஏற்ற கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் 45 வயது லேத் ஆபரேட்டர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வெர்னியரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறார். அளவு தெரியவில்லை. கையை நீட்டிப் பார்க்கிறார். டியூப் லைட் பக்கம் திருப்பிப் பார்க்கிறார். கடைசியில் பக்கத்து மெஷின் பையனிடம், "தம்பி, இது எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லு" என்கிறார். சூப்பர்வைசர் கேட்டால் மட்டும், "கண்ணு நல்லாத்தான் சார் தெரியுது" என்பார். ஒப்பந்தத் தொழிலாளி வேறு என்ன சொல்வார்? கண் மங்கிடுச்சுன்னு தெரிந்தால் அடுத்த மாதம் கேட்டுக்குள்ளே விடுவாங்களோ என்ற பயம்தான்.

இது மறைக்க வேண்டிய நோயே இல்லை. நம் ஊரில் வெள்ளெழுத்து, சாளேஸ்வரம் என்பார்கள். 40 வயதை ஒட்டி, கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் நெகிழ்வை இழக்கிறது. அதனால் கிட்டத்தில் இருப்பவை மங்கும். எல்லோருக்கும் வருவதுதான். சரியான கண்ணாடி போட்டால் தீர்ந்தது. ஆனால் 'சரியான' என்ற அந்த இடத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

தூரத்தை அளந்து சொல்லுங்கள்

கிட்டப்பார்வைக்கான பவரைப் பொதுவாக 40 செ.மீ. தூரத்தை, அதாவது பேப்பர் படிக்கிற தூரத்தை வைத்துத்தான் எழுதுகிறார்கள். சிஎன்சி மெஷினின் திரை 60, 70 செ.மீ. தள்ளி இருக்கலாம். தையல் ஊசி அதைவிடக் கிட்டே இருக்கும். பேப்பர் படிக்கப் போட்ட கண்ணாடியில் மெஷின் திரை மங்கலாகத் தெரிந்தால் அது கண்ணாடியின் குற்றமல்ல. கேட்க வேண்டியதைக் கேட்காததும், சொல்ல வேண்டியதைச் சொல்லாததும்தான் காரணம். பரிசோதனைக்குப் போகுமுன் ஒரு டேப் எடுத்து, கண்ணிலிருந்து வேலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, குனிந்து பார்க்கிறீர்களா நிமிர்ந்து பார்க்கிறீர்களா என்று குறித்துக்கொண்டு போங்கள்.

பைஃபோகலா, புரோகிரசிவா?

பைஃபோகலில் கிட்டப்பார்வைக்கான பகுதி கீழே இருக்கும். குனிந்து வேலை செய்பவருக்கு அது வசதி. தலைக்கு மேலே இருக்கும் பேனலில் ஒயர் மாட்டும் எலக்ட்ரீஷியனுக்கு அது உதவாது. கழுத்தை அண்ணாந்து அண்ணாந்து வலிதான் மிஞ்சும். அவருக்கு அந்த வேலைக்கென்றே ஒற்றைப் பவர் கண்ணாடி தனியாக இருப்பது நல்லது. புரோகிரசிவ் லென்ஸில் எல்லாத் தூரமும் தெரியும் என்பது உண்மை. ஆனால் இரண்டு ஓரங்களிலும் காட்சி நெளியும், பழகச் சில நாட்கள் ஆகும். இரண்டு வகையிலுமே கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்தால் படிக்கட்டு மங்கலாகத் தெரியும். இரும்பு ஏணியில் ஏறி இறங்குபவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம்?

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுபவருக்கு ஆன்ட்டி கிளேர் பூச்சு பயன்படும். லென்ஸின் பரப்பில் எதிரொளிப்பதை அது குறைக்கிறது. வெயிலில் கறுக்கும் போட்டோகுரோமிக் லென்ஸ் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்குப் பொருந்தாது. வெளியிலிருந்து இருண்ட ஷெட்டுக்குள் வந்ததும் அது உடனே தெளியாது, சில நிமிடம் ஆகும். 'ப்ளூ கட்' என்று கூடுதல் பணம் கேட்டால் யோசியுங்கள். 17 ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வெளியான காக்ரேன் அறிக்கை, கம்ப்யூட்டர் வேலையால் வரும் கண் சோர்வை இந்த லென்ஸ் சாதாரண லென்ஸைவிடக் குறைப்பதாகத் தெரியவில்லை என்கிறது.

ரயில் நிலைய வாசலில் விற்கும் ரெடிமேட் கண்ணாடியை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. இரண்டு கண்ணிலும் ஒரே பவர், சிலிண்டர் பவர் கிடையாது என்றால் ரசீது படிக்க அது போதும். ஆனால் சர்க்கரை நோயோ கண் அழுத்தமோ கண்ணைப் பாதித்திருந்தால் அந்தக் கண்ணாடி சொல்லாது. அதற்குப் பரிசோதனைதான் வழி.

பவரா, பாதுகாப்பா?

கும்மிடிப்பூண்டி போன்ற இரும்பு உருக்கும், வார்க்கும், தேய்க்கும் ஊரில் உண்மையான சிக்கல் இங்கேதான். கிரைண்டிங் வீலிலிருந்து பறக்கும் துகளைச் சாதாரணக் கண்ணாடி தடுக்காது. பக்கவாட்டில் மறைப்பு இல்லை. கண்ணாடி லென்ஸாக இருந்தால் உடைந்து கண்ணிலேயே குத்தும். அடி தாங்குவது பாலிகார்பனேட் லென்ஸ். அதில் சீக்கிரம் கீறல் விழும் என்பதால் கீறல் தடுப்புப் பூச்சு வேண்டும். சட்டை நுனியால் துடைக்காமல், முதலில் தண்ணீரில் கழுவ வேண்டும். வெல்டிங்குக்கு இதுவும் போதாது. அதற்குரிய கறுப்பு ஃபில்டர்தான் வேண்டும்.

கம்பெனி கொடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடியில் பவர் இருக்காது. அதைப் போட்டால் அளவு தெரியாது. பவர் கண்ணாடி போட்டால் பாதுகாப்பு இருக்காது. ஒன்றின் மேல் ஒன்றை மாட்டினால் வியர்வையில் ஆவி படியும். கடைசியில் ஒன்றைக் கழற்றி பாக்கெட்டில் வைத்துவிடுகிறார்கள். பவரோடு சேர்ந்த பாதுகாப்புக் கண்ணாடியைச் செய்து தர முடியும். யார் பணம் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

துகள் தெறிக்கும் வேலைகளில் தகுந்த கண் காப்பு தர வேண்டும் என்று விதி வகுக்க 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 35-வது பிரிவிலேயே இடம் தந்தது. சட்டப்படி தர வேண்டிய வசதிகளுக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்றது 114-வது பிரிவு. போட்டுக்கொண்டால் வேலை தெரியாத கண்ணாடி எப்படித் 'தகுந்த' காப்பு ஆகும்? பவர் உள்ளவருக்குப் பவரோடு தருவதுதான் நியாயம்.

2025 நவம்பர் 21-இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோது, 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கொரு முறை இலவச உடல் பரிசோதனை என்று மத்திய அரசு அறிவித்தது. வெள்ளெழுத்து வரும் வயதும் அதுதான். ஆனால் ஆறு மீட்டர் தள்ளி மாட்டிய எழுத்துப் பலகையை மட்டும் காட்டினால், அந்த லேத் ஆபரேட்டர் கடகடவென்று வாசித்துவிட்டுப் போவார். வெர்னியர் தெரியாதது யாருக்கும் தெரியாது.

நிர்வாகங்களுக்கும் இது வீண் செலவல்ல. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைக் கடந்த 751 தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு 2018-இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியானது. கிட்டப்பார்வைக் கண்ணாடி பெற்றவர்களின் உற்பத்தித் திறன், பெறாதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடியிருந்தது. பவர் கண்ணாடிகளுக்கான ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் 'கண்ணொளி காப்போம்' திட்டத்தில் அரசே கண்ணாடி தருகிறது. அந்தப் பிள்ளைகளின் அப்பா, அம்மாவுக்குத் தொழிற்சாலை தரட்டும். கும்மிடிப்பூண்டியிலும் காக்களூரிலும் அடுத்த மருத்துவ முகாம் நடக்கும்போது பலகையோடு நிறுத்தாமல், கையில் ஒரு வெர்னியரையும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தெரியவில்லை என்று சொல்பவருக்குக் கண்ணாடி கிடைக்கும், வேலை போகாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்போதுதான் உண்மையைச் சொல்வார்கள்.