பைசா யாரு தருவா?

வெளிநாட்டு மாணவர்களோடு சேர்ந்து தொண்டு செய்ய ஒரு மாணவர் குழு தொடங்கலாம் என்று கல்லூரியில் பேச்செடுத்தால், முதல் கேள்வி இதுதான்: "பைசா யாரு தருவா?" என்னைக் கேட்டால் அது கடைசிக் கேள்வி.

என்.எஸ்.எஸ்.ஸைப் பாருங்கள். 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இன்றுவரை நிற்பதற்குக் காரணம் பணம் மட்டுமில்லை. பொறுப்புக்கு ஒரு பேராசிரியர், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் என்ற கணக்கு, ஏழு நாள் முகாம், கடைசியில் சான்றிதழ். மாணவர்கள் மாறினாலும் அமைப்பு மாறவில்லை. நாமே நடத்தும் குழுவோ மூன்றாம் வருடம் பி.காம். முடிந்ததும் கலைந்துவிடும்.

அதனால் நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திடம் முதலில் மூன்றைக் கேட்போம். பொறுப்பாசிரியர் ஒருவர், முகாம் நாட்களுக்கு வருகைப்பதிவு, வெளிநாட்டுக் குழுக்களுக்குக் காட்ட ஒரு அங்கீகாரக் கடிதம். மூன்றுக்கும் பெரிய செலவில்லை. நாமும் வருடா வருடம் வரவு செலவுக் கணக்கைக் காட்ட வேண்டும். காமர்ஸ் படிக்கிறோமே, அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

2004 சுனாமியில் கருங்கலுக்குப் பக்கத்துக் குளச்சலில் அத்தனை உயிர்கள் போனபோது, எங்கிருந்தெல்லாமோ நம் மாவட்டத்துக்கு உதவி வந்தது. வாங்கிய ஊர் கொடுக்கவும் பழக வேண்டாமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே?