கூரை உள்ளவருக்குத்தானா சூரியன்?

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் தூத்துக்குடிக் கடற்கரையில் ஏலம் நடக்கும். கடலுக்கு அடியிலிருந்து எடுத்து வந்த சிப்பிகளைக் குவித்துப் போட்டு, "ஆயிரம் சிப்பி இன்ன விலை" என்று கூறுவார்கள். சிப்பியைத் திறந்து பார்க்க முடியாது. உள்ளே முத்து இருந்தால் வாங்கியவருக்கு யோகம். இல்லாவிட்டால் நாற்றம்தான் மிச்சம்!

1961-ம் ஆண்டோடு அந்த முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஆனால் திறந்து பார்க்காமல் விலை பேசும் வழக்கம் நிற்கவில்லை. இப்போது அது நம் மொட்டை மாடிக்கு வந்திருக்கிறது.

"சோலார் போடுங்கள். கரண்டு இலவசம். சர்க்காரே பணம் தருகிறது" என்கிறார்கள். எவ்வளவு பணம்? யாருக்கு? எப்போது? மீதிப் பணத்துக்கு எங்கே போவது? இதையெல்லாம் திறந்து பார்த்துவிட்டு விலை பேசுவதுதான் புத்திசாலித்தனம்.

சர்க்கார் தருவது எவ்வளவு?

2024-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் மத்திய சர்க்கார் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன் பெயர் "பிரதம மந்திரி சூரிய கர்" திட்டம். நாடு முழுவதும் ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரியத் தகடு பொருத்துவது அதன் நோக்கம். ஒதுக்கிய தொகை ரூ.75,021 கோடி. 2026-27 நிதி ஆண்டு வரை அதற்குக் காலம் வகுத்தார்கள்.

சூரியத் தகட்டின் சக்தியைக் கிலோவாட் என்று அளக்கிறார்கள். ஒரு கிலோவாட் தகடு நல்ல வெயிலில் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் மின்சாரம் தரும். அதைப் பொருத்த நிழல் விழாத 100 சதுர அடி மாடி வேண்டும்.

ஒரு கிலோவாட்டுக்குச் சர்க்கார் தரும் மானியம் ரூ.30 ஆயிரம். 2 கிலோவாட்டுக்கு ரூ.60 ஆயிரம். 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போனால் ரூ.78 ஆயிரம். அதற்கு மேல் கிடையாது.

இதில் ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். இந்தப் பணம் முன்கூட்டி வராது. தகடு பொருத்தி, மின் வாரியம் வந்து பார்த்து, மீட்டர் மாற்றி, வேலை முடிந்த பிறகுதான் வரும். அதுவும் வீட்டுக்காரரின் பாங்கிக் கணக்குக்கு நேராக வரும். "மானியத்தை நான் வாங்கித் தருகிறேன், கமிஷன் கொடுங்கள்" என்று யாராவது வந்தால், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பில்லை எடுத்துப் பாருங்கள்

தகடு போடலாமா, வேண்டாமா? இதற்குப் பதில் உங்கள் வீட்டு மின்சார பில்லில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2016-ம் ஆண்டு முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று ஏற்பட்டது. அதற்கு மேல் போகப் போகக் கட்டணம் படிப்படியாக ஏறும். 2022-ம் ஆண்டு செப்டம்பரில் வந்த கட்டண விகிதத்தை வைத்து இரண்டு வீடுகளின் கணக்கைப் பார்ப்போம்.

முதல் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவாகிறது. பில் ரூ.225.

இரண்டாவது வீட்டில் 700 யூனிட் செலவாகிறது. குளிர்சாதனம் ஓடுகிறது. பில் ரூ.3,650.

யூனிட் மூன்றரை மடங்கு. பில்லோ பதினாறு மடங்கு! இந்த வித்தியாசத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது.

700 யூனிட் வீடு 3 கிலோவாட் தகடு போடுகிறது. விலை ரூ.1 லட்சத்து 80 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். மானியம் ரூ.78 ஆயிரம் போக, கைச்செலவு ரூ.1 லட்சத்து 2 ஆயிரம். அந்தத் தகடு இரண்டு மாதத்தில் சுமார் 720 யூனிட் தரும். பகலில் மிஞ்சுவது மின் வாரியத்தின் கம்பிக்குப் போகும். இரவில் வேண்டியது கம்பியிலிருந்து வரும். இரண்டையும் மீட்டர் கழித்துக்கொள்ளும். பில்லில் பெரும் பகுதி மறைந்துவிடும். ஐந்தாறு வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். தகடோ சுமார் 25 வருஷம் உழைக்கும்.

200 யூனிட் வீடு ஒரு கிலோவாட் தகடு போடுகிறது. விலை ரூ.60 ஆயிரம் என்றால், மானியம் போகக் கைச்செலவு ரூ.30 ஆயிரம். மிச்சமாவது வருஷத்துக்கு ரூ.1,350. போட்ட பணம் திரும்ப 22 வருஷம் ஆகும்!

ஆகவே, பில் பெரிதாக வருகிறவர்கள் தயங்க வேண்டாம். பில் சிறிதாக வருகிறவர்கள் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கடன் வாங்க வேண்டாம்.

கடன் எங்கே வாங்குவது?

இந்தத் திட்டத்தில் 3 கிலோவாட் வரை பாங்கிகள் ஈடு இல்லாமல் கடன் தருகின்றன. செலவில் பத்தில் ஒரு பங்கை நாம் போட வேண்டும். மீதியைப் பாங்கி தரும். வட்டி ரிசர்வ் பாங்கியின் ரெப்போ விகிதத்துக்கு மேல் அரை சதவீதம். திட்டம் தொடங்கியபோது அது வருஷத்துக்குச் சுமார் 7 சதவீதமாக இருந்தது.

மேலே சொன்ன வீட்டுக்காரர் ரூ.18 ஆயிரம் கையில் போட்டு ரூ.1 லட்சத்து 62 ஆயிரம் கடன் வாங்குகிறார். மானியம் வந்ததும் அதைக் கடனில் கட்டிவிடுகிறார். நிற்பது ரூ.84 ஆயிரம். 7 சதவீத வட்டியில் பத்து வருஷத் தவணை என்றால், மாதம் ஏறக்குறைய ரூ.1,000. அசலும் வட்டியும் இதிலேயே அடங்கிவிடும்.

அதே ரூ.84 ஆயிரத்தை நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கினால்? மாதம் ரூ.2,520 வட்டிக்கே போய்விடும். அசலில் ஒரு காசு குறையாது. நம் ஜில்லா கந்து வட்டியின் கொடுமையை அறிந்த ஜில்லா. சூரியத் தகட்டுக்காக அந்தக் கதவைத் தட்டவே கூடாது.

உப்புக் காற்றும் ஒரு செலவு

நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை. உப்புக் காற்றுக்கும் பஞ்சம் இல்லை. சாதாரண இரும்புச் சட்டமும் ஆணியும் இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும். உப்புக் காற்றைத் தாங்கும் தகடுதானா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பொருத்திய கம்பெனி ஐந்து வருஷம் பராமரிக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. தகட்டில் படியும் உப்புத் தூசியைக் கழுவி விடுவதும் அவசியம்.

இன்னொன்று. பாட்டரி இல்லாத சோலார், கரண்டு போனால் தானும் நின்றுவிடும். ஊரெல்லாம் இருட்டாக இருக்கும்போது நம் வீடு மட்டும் ஜொலிக்கும் என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

கூரை இல்லாதவர் கதி?

இதுவரை சொன்னது மாடி வீடு உள்ளவர்களுக்கு. இனிச் சொல்வதுதான் முக்கியம்.

இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும் பங்கு தூத்துக்குடி வட்டாரத்தில் விளைகிறது. வேப்பலோடையிலும் முள்ளக்காட்டிலும் ஆறுமுகநேரியிலும் ஆணும் பெண்ணும் உச்சி வெயிலில் நின்று உப்பு வாருகிறார்கள். சூரியனின் சூடு அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

ஆனால் சூரியனின் பெயரால் வந்த மானியம் அவர்களுக்குக் கிட்டுமா? தகட்டைத் தாங்கும் கூரை வேண்டும். ஓலைக் கூரையும் ஒடிந்த ஆஸ்பெஸ்டாசும் தாங்காது. வீடு சொந்தமாக இருக்க வேண்டும். வாடகைக் குடித்தனக்காரருக்கு வழி இல்லை. பாங்கியில் தவணை கட்டச் சீரான வருமானம் வேண்டும். உப்பளத்தில் மழைக்காலத்தில் வேலை கிடையாது. விசைப்படகுத் தொழிலாளிக்கோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை.

ஆகவே, 700 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு ரூ.78 ஆயிரம் கிடைக்கிறது. வெயிலில் வேகிற வீட்டுக்கு ஒன்றும் இல்லை. திட்டம் நல்லதுதான். பங்கீடுதான் சரியில்லை.

"ஏழைக்குத்தான் 100 யூனிட் இலவசம் இருக்கிறதே, அவருக்கு எதற்குச் சோலார்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இலவச மின்சாரம் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. அதற்கான பணத்தை ராஜ்ய சர்க்கார் வருஷா வருஷம் மின் வாரியத்துக்குக் கொடுக்கிறது. அது வருஷந்தோறும் திரும்பி வரும் செலவு. தகடோ ஒரு முறை வைத்தால் 25 வருஷம் தரும் வரவு. மேலும், ஏழை என்றென்றும் இரண்டு விளக்கோடும் ஒரு விசிறியோடும் இருக்க வேண்டுமா? மீன் விற்கும் பெண் ஒரு குளிர்ப்பெட்டி வாங்கக் கூடாதா? அவள் மகள் மின்சாரத் தையல் இயந்திரம் ஓட்டக் கூடாதா?

வழி இருக்கிறது

ஏழை வீட்டுக் கூரையை நம் ராஜ்யம் முன்பே நினைத்துப் பார்த்தது. 2011-ம் ஆண்டு தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில், வருஷத்துக்கு 60 ஆயிரம் வீடுகள் என்று திட்டமிட்டு, வீட்டுக்கு ஐந்து சூரிய விளக்குகளும் வைத்தார்கள். வீட்டோடு சேர்த்தே சூரியனையும் கொடுத்த யோசனை அது. சர்க்கார் கட்டித் தரும் ஒவ்வொரு வீட்டுக்கும் இனி அதையே விதியாக்கலாம்.

கூரையே இல்லாதவருக்கும் வழி உண்டு. ஓரிடத்தில் பொதுவாகத் தகடுகளை நிறுத்தி, அதில் விளையும் யூனிட்டைப் பல வீடுகளின் பில்லில் பங்கு போட்டுக் கழிக்கும் முறையை 2019-ம் ஆண்டிலேயே டில்லியில் அனுமதித்தார்கள். உப்பளத் தொழிலாளர் குடியிருப்பின் ஓரத்தில் புறம்போக்கு நிலத்தில் அப்படி ஒன்றை நிறுத்தினால், வாடகை வீட்டுக்காரருக்கும் பங்கு கிடைக்கும்.

மின் வாரியமே முன்வந்து வீட்டுக் கூரையில் தன் செலவில் தகடு பொருத்தவும் மத்திய திட்டத்தில் இடம் இருக்கிறது. ஜில்லாவுக்கு ஒரு மாதிரி சூரியக் கிராமத்துக்கு ரூ.1 கோடி தரவும் அதில் ஏற்பாடு உண்டு. ஜில்லாவுக்கு ஒரு கிராமம் போதாது. கடற்கரை ஊர்களுக்கும் உப்பள ஊர்களுக்கும் முதல் இடம் தர வேண்டும்.

பாங்கிகளும் ஒன்று செய்யலாம். தடைக் காலத்திலும் மழைக் காலத்திலும் தவணையை நிறுத்தி வைத்து, தொழில் நடக்கும் மாதங்களில் சேர்த்து வாங்கலாம். கடலையும் உப்பளத்தையும் நம்பியவர் கடனை ஏமாற்ற நினைப்பவர் அல்ல. அவர் கையில் பணம் வரும் மாதம்தான் வேறு.

வாசகர்களே! மாடி உள்ளவர்கள் இன்று மாலையே பழைய பில்களை எடுத்துக் கணக்குப் போடுங்கள். லாபம் என்றால் துணிந்து இறங்குங்கள். மாடி இல்லாதவர்கள் அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, "எங்கள் பங்கு வெயில் எங்கே?" என்று கேளுங்கள். நாலு பேர் சேர்ந்து கேட்டுத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். சூரியன் யார் வீட்டுப் பட்டாவையும் பார்த்து உதிப்பதில்லை. சர்க்கார் பணமும் அப்படித்தான் இருக்க வேண்டும்.